பினாங்கில் ஒரு வெள்ளிக்கிழமை: 11 இடம், 16 பேர், ஒரு வேன்

முதலிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டும் ஒரு நாள் சுற்றுலா. கையில் கொடுத்த தாளில் 11 இடங்கள். உள்ளே கால் வைத்துப் பார்த்தது 5. வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தது இரண்டு, பூட்டிய கதவைப் பார்த்தது இரண்டு, மற்றவை "அடுத்த தடவை". ஆனால் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகியும் எங்கள் வீட்டில் பேச்சு ஓடுவது தாளிலேயே இல்லாத ஒரு இடத்தைப் பற்றியும், யாரும் திட்டமிடாத ஒரு கதையைப் பற்றியும்தான். இது எப்படி நடந்தது என்று உட்கார்ந்து யோசித்ததில் எழுதியது இது. ஏற்பாடு செய்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம், ஏனென்றால் தப்பில் பாதி என்னுடையது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் 16 பேர். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பஸ்ஸில் பினாங்கு. ஒன்பது வயது தம்பி மகன் முதல் 74 வயது மாமா வரை எல்லா வயதும் உண்டு. சைவம் 5 பேர். முட்டிவலி 3 பேர். மாமா நாகப்பட்டினத்துக்காரர், அவருடைய அப்பா 1950களில் ரஜூலா கப்பலில் பினாங்கு போய் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதியவர். ரஜூலா தெரியாதவர்களுக்கு: மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல். தஞ்சாவூர், நாகை, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தலைமுறையே அதில் ஏறிப் போயிருக்கிறது. மாமாவுக்கு இந்தப் பயணமே அதற்காகத்தான், ஆனால் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இது முதல் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம்.

தாளில் இருந்தது

காலை 9.30 கார்ன்வாலிஸ் கோட்டை. 10.30 மணிக்கூண்டு, பழைய டவுன் ஹால். 11 மணி செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 11.30 குவான் யின் என்ற சீன அம்மன் கோயில். 12 மணி மகாமாரியம்மன் கோயில். 12.30 கப்பித்தான் கிளிங் மசூதி. 1 மணி சாப்பாடு. 2 மணி நீல மாளிகை. 3.15 கூ கொங்சி. 4 மணி ஆர்மேனியன் தெரு சுவரோவியங்கள். 5 மணி சீனர்களின் கடல்மேல் வீடுகள். 5.30-க்கு ஹோட்டல்.

ஊர் தெரிந்தவர்கள் இதைப் படிக்கும்போதே சிரித்திருப்பார்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. அதே விலைக்கு இன்னொருவர் 7 இடம்தான் தருவதாகச் சொன்னார், நான் 11 தருகிறவரைப் பிடித்தேன். குடும்ப வாட்ஸ்அப்பில் "நாலு இடம் எக்ஸ்ட்ரா" என்று போட்டு எட்டு கட்டைவிரல் வாங்கினேன்.

இத்தனைக்கும் இடங்கள் தூரம் தூரமாக இல்லை. ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் சேர்ந்து 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அதில் ஜார்ஜ் டவுனின் மையப் பகுதி 109 ஹெக்டேர்தான், நம் கணக்கில் 270 ஏக்கர். தாளில் இருந்த இடங்கள் எல்லாம் அதற்குள்ளும் அதை ஒட்டியும் அடங்கிவிடும். அப்படியானால் வேன் எதற்கு? அதுவும் அன்று தோன்றவில்லை. சந்துகளில் வேன் நிற்க இடம் கிடையாது. இறக்கிவிட்டு ஓட்டுநர் எங்கேயோ போய்ச் சுற்றி வருவார், நாங்கள் ஏறுவதற்காக வெயிலில் நிற்போம், ஏறி ஏசி உடம்பில் படுவதற்குள் அடுத்த இடம் வந்துவிடும். 16 பேர் ஏறி இறங்க ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு நிமிடம். முட்டிவலிக்காரர்களுக்கு நடப்பதைவிட வேன் படியில் ஏறி இறங்குவதுதான் தண்டனை என்று அத்தை மதியமே சொல்லிவிட்டார்.

கோட்டை

வழிகாட்டி ஐம்பதைத் தாண்டிய பினாங்குத் தமிழ்ப் பெண். எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டோம். வேனில் ஏறியதும் மாமாவைப் பார்த்து, "ஐயா, பசியாறிட்டீங்களா?" என்றார். மாமா, "பசி எங்கம்மா ஆறுது, ஒரு ரொட்டியும் ஜாமும் குடுத்தான்" என்றார். அங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு சாப்பிடுவது என்று அவர் விளக்க, வேனே சிரித்தது. அந்த இரண்டு நிமிடத்தில் அக்கா எங்களுக்குச் சொந்தமாகிவிட்டார்.

ஆனால் கோட்டைக்குள் நுழைந்ததும் வேறு ஆளாக மாறினார். கை பின்னால் போயிற்று, குரல் ஏறியது, மனப்பாடம் தொடங்கியது. 1786 ஆகஸ்ட் 11-ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இந்தத் தீவை எடுத்துக்கொண்டது, அதற்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் வைத்தது, முதலில் நிபோங் பனை மரங்களை நட்டு வேலி மாதிரி கோட்டை கட்டியது, பிறகு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல்லும் கல்லுமாக மாற்றியது, இந்தக் கோட்டை ஒரு போரைக்கூடப் பார்க்காதது. எல்லாம் சரியான தகவல். நிழலே இல்லாத புல்வெளியில், பத்து மணிக்கு மேல், 20 நிமிடம். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, காற்று மட்டும் வரவில்லை. பையன் எப்போதோ போய்விட்டான். பெரியவர்கள் சுவர் ஓரமாக நிழல் தேடி நகர்ந்து நகர்ந்து, கடைசியில் அக்கா எதிரில் நின்றது நானும் இன்னொருவரும்தான், மரியாதைக்காக.

காப்பாற்றியது லைட்டின் சிலை. "இது லைட் இல்லை" என்றார் அக்கா, திடீரென்று சாதாரணக் குரலில். 1936-இல் சிலை வைக்க நினைத்தபோது லைட்டின் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதனால் மகன் வில்லியம் லைட்டின் முகத்தைப் பார்த்துச் செய்தார்கள். அந்த மகன்தான் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தைத் திட்டமிட்டவர். ஆக, அப்பாவின் பெயரில் மகன் நிற்கிறார். "மூஞ்சி புள்ளையோடது, பேரு அப்பனோடது" என்று சித்தி சொன்னார், சிதறிப் போன கூட்டம் திரும்பச் சேர்ந்தது.

அதற்கடுத்து பீரங்கி. ஸ்ரீ ரம்பை என்று பெயர். 1603-இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. அவர்களிடமிருந்து ஜொகூர் சுல்தானுக்குப் பரிசாகப் போய், 1613-இல் சுமத்திராவின் அச்சேகாரர்கள் ஜொகூரைப் பிடித்தபோது அச்சே போய், அங்கிருந்து சிலாங்கூர் போய், 1871-இல் ஆங்கிலேயர்கள் கைக்கு வந்தது. பினாங்குக்குக் கொண்டுவந்தவர்கள் அதைக் கடற்கரையோரம் தண்ணீரில் போட்டுவிட்டார்கள், பத்து வருஷம் போலக் கிடந்தது. வெளியே எடுக்க முயன்றபோது அசையவே இல்லை என்றும், கெடா இளவரசர் துங்கு குடின் ஒரு நூலைக் கட்டி இழுத்ததும் மிதந்து வந்தது என்றும் கதை. குழந்தை இல்லாதவர்கள் அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் இருந்திருக்கிறது. நாங்கள் போனபோது குழலுக்குள் நாலைந்து சாமந்தி காய்ந்து கருத்துப் போய்க் கிடந்தது. யார் வைத்தார்களோ. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் சுடும் வெண்கலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், கை சுட்டதும் "ஆங்" என்று எடுத்தார். பீரங்கியின் மேலே பிடித்துத் தூக்குவதற்காக வார்த்த வளையங்கள் டால்பின் வடிவத்தில் இருக்கின்றன. பையன் அதைத் தடவிக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றான்.

இங்கே குறித்துவைக்க வேண்டியது: 20 நிமிட வரலாறு ஒருவருக்கும் தங்கவில்லை. சிலையும் பீரங்கியும் 5 நிமிடம், அவைதான் தங்கின. ஆனால் கோட்டையிலேயே மணி 11 ஆகிவிட்டது. அரை மணி கடன்.

மணிக்கூண்டை வேனிலிருந்தே பார்த்தோம். விக்டோரியா ராணி 60 வருஷம் ஆண்டதற்காக 60 அடி உயரம், செலவு செய்தவர் ஊர்ப் பணக்காரர் சியா சென் யோக். 1897-இல் நினைத்தது, 1902-இல் முடிந்தபோது ராணி உயிரோடு இல்லை. இரண்டாம் உலகப் போர் குண்டுவீச்சில் கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்பார்கள். சாய்ந்திருக்கிறதா இல்லையா என்று வேனுக்குள் பட்டிமன்றம் தொடங்குவதற்குள் தாண்டிவிட்டோம். டவுன் ஹாலும் அதே கதிதான்.

தேவாலயக் கூரை

செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-இல் கட்டி முடித்தது. உள்ளே போக முடியவில்லை, வாசலில் நின்றோம். அக்கா மறுபடி கையைப் பின்னால் கட்டுவதைப் பார்த்துப் பயந்தேன். நல்லவேளை, "நீங்க சென்னையில கதீட்ரல் ரோடு பார்த்திருப்பீங்கல்ல?" என்று ஆரம்பித்தார். அங்கே இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல் ஜாடைதான் இதற்கும். அந்த வெள்ளைத் தூண்கள், முக்கோண முகப்பு. கூரையைக்கூட முதலில் மதராஸ் பாணியில் தட்டையாகப் போட்டார்கள். சென்னையில் சரி, வருஷத்தில் சில மாதம் மழை. இங்கே வருஷம் முழுக்கக் கொட்டும். தாங்கவில்லை, 1864-இல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். கட்டியது யார்? இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய கைதிகள்.

இதைக் கோட்டையில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன், ஏனென்றால் பினாங்கின் பழைய சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்கள் உழைப்பு உண்டு, லைட்டைப் பற்றி 20 நிமிடம் கேட்ட எங்களுக்கு அவர்களைப் பற்றி ஒரு வரி கிடைக்கவில்லை. அக்கா சங்கடமாகச் சிரித்தார். "அங்க சொல்றதுக்குன்னு ஒரு பேச்சு இருக்கு தம்பி, எல்லா குரூப்புக்கும் அதான்." வெள்ளைக்காரப் பயணிகளுக்கு என்று ஆங்கிலத்தில் தயாரான பேச்சு, அதையே தமிழில் ஒப்பித்திருக்கிறார். அதனால்தான் அது தமிழ் மாதிரி கேட்கவில்லை.

குவான் யின் கோயிலில் பத்தி புகையில் கண் எரிய, பெரியவர்கள் கும்பிட, எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அங்கேயே 12.20.

பன்னிரண்டரை மணி

விஷயமே இங்குதான். மகாமாரியம்மன் கோயில், குயீன் தெருவில், 1833-இல் எழுந்தது. நடை சாத்தியிருந்தது. சாத்தத்தானே செய்வார்கள்! உச்சிகாலம் முடிந்தால் நடை சாத்துவது திருச்சிக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? 16 பேரும் அந்தத் தாளை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. அச்சடித்த தாள் என்றால் நமக்கு ஒரு நம்பிக்கை.

சரி, மசூதிக்குப் போகலாம் என்று நடந்தால், தெருவெல்லாம் ஆட்கள். தொப்பி போட்டவர்கள், சைக்கிளில் வருகிறவர்கள், வேட்டி மாதிரி சாரோங் கட்டியவர்கள். வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை. சுற்றுலாக்காரர்களுக்கு அந்த நேரத்தில் என்ன வேலை? கப்பித்தான் கிளிங் மசூதி 1801-இல் தமிழ் முஸ்லிம்களுக்காகத் தொடங்கியது, அவர்கள் தலைவர் காதர் முகைதீன் மரைக்காயர் முன்னின்று எழுப்பியது. அவருக்குக் கம்பெனி கொடுத்த பட்டம்தான் கப்பித்தான். கிளிங் என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள், இன்று அப்படி ஒருவரைக் கூப்பிட்டால் சண்டை வரும், மசூதியின் பெயரில் மட்டும் மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் எதிர்த் திண்ணையில் நின்று கேட்டோம். தங்கநிறக் குமிழ்களும் மினாரும் நன்றாகத் தெரிந்தன, அவ்வளவுதான்.

ஆக, கோயில் திறந்திருந்த காலை நேரத்தில் கோட்டையில் வெயில் காய்ந்தோம். கோட்டைக்குத் தோதான மாலை நேரத்தில் கோட்டை கிடையாது. தாளில் இடங்களைக் கடற்கரையில் தொடங்கி வரைபடத்தில் கோடு போட்ட மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். தூரத்துக்கு அது சரி. ஆனால் கோயிலுக்கு ஒரு நேரம் உண்டு, மசூதிக்கு ஒரு கிழமை உண்டு, வெயிலுக்கும் ஒரு நேரம் உண்டு, அது எதுவும் வரைபடத்தில் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவை ஓரம் கட்டிக் கேட்டேன். (சைவக்காரர்களுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, மற்றவர்களுக்கு நாசி கண்டார். இந்தப் பிரிவினையில் இன்னும் அரை மணி போயிற்று. கண்டார் என்றால் தோளில் காவடி மாதிரி சுமப்பது, அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறு ஒரு பக்கம் குழம்பு என்று சுமந்து விற்றது. குழம்பை எல்லாம் கலந்து ஊற்றித் தருகிறார்கள், அப்படித்தான் கேட்க வேண்டுமாம்.) "இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு உங்களுக்குத் தெரியும்தானே அக்கா?"

"நேத்து ராத்திரி பேப்பரைப் பார்த்தப்பவே தெரியும் தம்பி."

"அப்ப மாத்தியிருக்கலாமே?"

அவர் சொன்னதன் சாரம் இது. தாளில் உள்ள இடத்தைக் காட்டாமல் விட்டால், வரிசையை மாற்றினால், புகார் போகும். கோயில் பூட்டியிருந்தது என்றால் அது கோயிலின் தப்பு, நானே விட்டுவிட்டேன் என்றால் என் தப்பு. போன மாதம் ஒரு கூட்டத்துக்கு வெயில் அதிகம் என்று கோட்டையை விட்டுவிட்டு நிழலான இடங்களாகக் கூட்டிப்போயிருக்கிறார், எல்லோரும் சந்தோஷமாகத்தான் போனார்கள், ஆனால் ஒருவர் ஊருக்குப் போய் "ஒரு இடம் குறைவு" என்று எழுதிவிட்டார். அன்றைய சம்பளத்தில் பிடித்தம்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். 7 இடக்காரரை விட்டு 11 இடக்காரரைப் பிடித்தவன் நான். என் மாதிரி ஆட்கள் எண்ணிப் பார்த்து வாங்குவதால்தான் அவர்கள் எண்ணிக்கை போட்டு விற்கிறார்கள். மாலையில் 10 இடம் காட்டிவிட்டு அக்கா போயிருந்தால் நானும்தான் எழுதியிருப்பேன்.

தாளில் இல்லாத இடம்

நீல மாளிகைக்குள் அவர்கள் வைத்திருக்கும் நேரத்தில்தான் கூட்டிப்போவார்கள். எங்கள் நேரம் போய்விட்டது. சியோங் பாட் சே என்ற பெரும் வணிகரின் வீடு, 38 அறை, 220 ஜன்னல், சுவரெல்லாம் அவுரி நீலம். எனக்கு அதுதான் பார்க்க ஆசை. போயிற்று.

அந்த இடைவெளியில்தான் சூலியா தெருவில் நடந்தோம். வேனைக் கூப்பிடவில்லை, அத்தையே வேண்டாம் என்றார். இந்தத் தெருவுக்கு ஆரம்பத்தில் மலபார் தெரு என்று பெயராம். சூலியர் என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறிப்பது. இந்தப் பகுதியில் சில தெருப் பலகைகளில் தமிழும் இருக்கிறது. கிங் தெரு முனையில் சின்னதாக, பச்சையும் வெள்ளையுமாக ஒரு கட்டடம். நான் கடந்தே போய்விட்டேன். மாமா நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது நாகூரா?"

"ஆமாய்யா, நாகூர் தர்காதான்."

சமாதி எதுவும் இங்கே இல்லை. நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீதின் நினைவாக, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் ஊர் தர்காவை நினைத்துக் கட்டிக்கொண்டது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலும் ஒன்று உண்டு. புறப்படும்போது நாகூரில் வேண்டிக்கொண்டு கப்பலேறியவர்கள், பத்திரமாக இறங்கியதும் நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டும் அல்லவா. மாமா ஐயர் வீட்டுப் பையன் இல்லை, முஸ்லிமும் இல்லை, நாகப்பட்டினத்துச் செட்டித் தெருவில் வளர்ந்தவர், கந்தூரிக்கு வருஷா வருஷம் அம்மா கூட்டிப்போவாராம். உள்ளே போய் உட்கார்ந்தார். 40 நிமிடம் எழுந்திருக்கவில்லை. அப்பா கடிதத்தில் "இங்கேயும் ஆண்டவர் இருக்கிறார், கவலைப்படாதே" என்று எழுதியிருந்ததாகவும், அம்மா அதை ஏதோ சமாதானத்துக்குச் சொன்னது என்றே சாகும்வரை நினைத்ததாகவும், ரொம்ப நேரம் கழித்து என்னிடம் சொன்னார். மற்றவர்கள் வாசல் நிழலில் இளநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "நேரமாகுது" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அது ஒன்றுதான் அதிசயம்.

அக்கா அங்கே வரலாறு எதுவும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். தன் வீடு இரண்டு தெரு தள்ளி ஒரு சந்தில் இருந்தது என்றார். இருந்தது. பினாங்கின் பழைய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, மாதம் சொற்ப வாடகையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். 2000 ஜனவரியில் அந்தச் சட்டம் முடிந்தது. வாடகை ஏறியதும் ஆட்கள் வெளியேறினார்கள், நகரத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது அந்த வீடுகளில் இருந்த பலர் அங்கே இல்லை. இப்போது அந்தச் சந்தில் அவர் வீடு விடுதியாக இருக்கிறது. ஒரு இரவுக்கு என்ன வாங்குகிறார்கள் என்று சொன்னார். சித்தி வாயைப் பிளந்தார்.

மீதி மதியம்

கூ கொங்சி: கூ குலத்தவர்களின் சங்கக் கோயில். முன்பிருந்த கட்டடம் 1901-இல் தீப்பிடித்தது. அரண்மனை மாதிரி கட்டியதால் தெய்வக் குற்றமாகிவிட்டது என்று பயந்து, 1906-இல் முடித்த இப்போதைய கட்டடத்தைக் கொஞ்சம் அடக்கமாகக் கட்டினார்களாம். இதுவா அடக்கம் என்று கூரையைப் பார்த்தால் கேட்கத் தோன்றும். அரை மணியில் வெளியே வந்துவிட்டோம், ஒரு மணி நேரமாவது வேண்டிய இடம் அது.

ஆர்மேனியன் தெருவில், 2012-இல் லித்துவேனியா ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சைக்கிள் ஓட்டும் இரண்டு குழந்தைகள். சுவரில் ஓவியம், அதோடு ஒட்டி நிஜ சைக்கிள். போட்டோ எடுக்க வரிசை. 25 நிமிடம் நின்றோம், தலைக்கு பத்து விநாடி. அதே தெருவில் 120-ஆம் எண் வீடு, 1910-இல் சன் யாட்-சென் சீனப் புரட்சிக்கு வேலை செய்த இடம், அங்கே வரிசையே இல்லை. எங்கள் ஆட்களும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, நானும்தான். பையனுக்கு சைக்கிள் பிடித்திருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

எம்டன்

கடல்மேல் வீடுகளுக்கு வந்தபோது ஐந்தே முக்கால். வெல்ட் கீயில், கடலுக்குள் கழி நட்டு, பலகை போட்டு, வரிசையாக வீடுகள். ஒவ்வொரு பாலமும் ஒரு குலத்துக்கு, சியூ, லிம், டான், லீ என்று. சியூ பாலத்தில் முக்கால்வாசி வீடு கடையாகிவிட்டது, காந்தப் பொம்மையும் டுரியான் ஐஸ்கிரீமும். ஒரு வீட்டு வாசலில் பாட்டி ஒருவர் நெத்திலி காயவைத்துக்கொண்டு எங்களைப் பார்க்காமலேயே இருந்தார், பழகிப்போன மாதிரி.

பாலத்தின் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்தோம். காற்று வந்தது, அன்றைக்கு முதன்முறையாக. பையன் ஏதோ சேட்டை செய்ய, மாமா "சரியான எம்டன்டா நீ" என்றார். அக்கா திரும்பினார். "ஐயா, எம்டன் இங்கயும் வந்துச்சு, தெரியுமா?"

நமக்குத் தெரிந்தது மதராஸ் கதை. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் வந்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டது, ஊர் காலியானது, அன்றிலிருந்து கில்லாடி ஆளுக்கு எம்டன் என்று பெயர். அதே கப்பல் ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 28 விடியற்காலையில், இதோ இந்தத் தண்ணீருக்குத்தான் வந்தது. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. நாலாவதாகப் பொய்யாக ஒன்றைச் செய்து நிறுத்தி, ஆங்கிலேயக் கப்பல் மாதிரி வேஷம் போட்டு உள்ளே நுழைந்தது. துறைமுகத்தில் ரஷ்யாவின் ஷெம்சுக் கப்பல் நின்றிருந்தது. அதன் தலைவர் கப்பலிலேயே இல்லை, இரவு கரையில் தங்கிவிட்டார். பக்கத்தில் வந்ததும் கொடியை மாற்றி எம்டன் அடித்தது. ஷெம்சுக் மூழ்கியது, எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். வெளியே போகும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கே எதிர்ப்பட, அதையும் முடித்துவிட்டுப் போயிற்று. ரஷ்ய மாலுமிகளின் கல்லறைகள் இன்றும் பினாங்கில் இருக்கின்றன.

அக்கா இதைச் சொல்லும்போது கை பின்னால் போகவில்லை. ஒரு கை எம்டன், ஒரு கை ஷெம்சுக். பையன் அவர் மடியில் ஏறாத குறை. மாமா கைத்தடியைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டி, "எந்தப் பக்கமா வந்தான்? அங்கேருந்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இது ஏன் தாளில் இல்லை என்றேன். தண்ணீரைத் தவிரக் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லையே, வெறும் தண்ணீரை எப்படி ஒரு இடமாகப் போடுவார்கள் என்றார்.

வேன் 6.15-க்குக் கிளம்பிவிட்டது, ஓட்டுநருக்கு அவ்வளவுதான் நேரம். பாதிப் பேர் அதில் போனார்கள். மீதி எட்டுப் பேர் அக்காவோடு நடந்து மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அவர் வேலை நேரம் முடிந்துவிட்டது, சும்மாதான் வந்தார். நடை திறந்திருந்தது, விளக்கு ஏற்றியிருந்தார்கள், அத்தை அர்ச்சனைக்கு 16 பேர் பெயரையும் சொன்னார்.

பிறகு பக்கத்துக் கடையில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் டீ. நான் அக்காவிடம் கேட்டேன், தாளை நீங்களே எழுதினால் எப்படி எழுதுவீர்கள் என்று. பில்லைத் திருப்பிப் பேனாவை எடுத்தார். யோசிக்கவே இல்லை, ரொம்ப நாளாக மனதில் இருந்திருக்க வேண்டும். 7.30 பசியாற. 8.30 மாரியம்மன். அப்புறம் மசூதி (வெள்ளி வேணாம்). நாகூர் தர்கா, நேரம் போடவில்லை. 11 மணி கூ கொங்சி. சாப்பாடு. 3 வரைக்கும் ஹோட்டலில் தூக்கம். நீல மாளிகை (முன்கூட்டியே சொல்லிவைக்கணும்). 6 மணி பாலம், எம்டன். மேலே கொட்டை எழுத்தில்: வேன் வேணாம்.

எண்ணிப் பார்த்தேன். பழக்கதோஷம். ஆறு இடம், ஒரு கதை. நீல மாளிகைக்கும் பாலத்துக்கும் நடுவில் கோட்டை என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அது என்ன என்றேன்.

"வெயில் இறங்கியிருந்தா போவோம் தம்பி. இல்லன்னா பீரங்கியை மட்டும் காட்டிட்டு வந்துடுவேன்."